எங்கள் பதிப்பில் ஆட்குறைப்பு நடந்த விதம்

ஒரு நாளிதழில் ஆட்குறைப்பு நடந்தால் அந்தச் செய்தி அந்த நாளிதழில் வராது. போட்டி நாளிதழிலும் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அங்கும் ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் தொழிலில் வேலை எப்படிப் போகிறது, போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. நான் கோவையில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, இடையில் சில ஆண்டுகள் ஈரோட்டில் நிருபராக இருந்து, பிறகு டெஸ்க்குக்கே, அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் பிரிவுக்கே, திரும்பி, 2020ஆம் ஆண்டில் வெளியே அனுப்பப்பட்டவன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏறக்குறைய இதே முறையில்தான் வேறு பதிப்புகளிலும் நடந்தது என்பதை நண்பர்கள் வழியாக அறிவேன் என்பதால், பெயர் தெரிந்து யாருக்கும் கூடுதல் பயன் இல்லை.

கொரோனாவால் வேலை போனது என்று உறவினர்களிடம் சொல்வது எளிது. அது பாதி உண்மைதான். மாவட்டப் பதிப்பு எதில் ஓடுகிறது என்பதைச் சற்று விளக்கினால் மீதிப் பாதி புரியும். வாசகர் தரும் விலையில் ஏஜென்ட் கமிஷன் போக எஞ்சுவது காகிதச் செலவுக்கே போதாது, ஆகவே சம்பளம் என்பது விளம்பரத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த விளம்பரம் வந்த இடங்கள் சில: கிராஸ்கட் சாலை, ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஆடியிலும் தீபாவளியிலும் தருவது, பொறியியல் கல்லூரிகள் மே, ஜூன் மாதங்களில் தருவது, மனைப்பிரிவுக்காரர்கள் தருவது, பிறகு கண்ணீர் அஞ்சலியும், வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் போடும் வரி விளம்பரமும். இந்தப் பகுதியின் மிகப் பெரிய தொழிலான பின்னலாடை இதில் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சரக்கு அனுப்பும் திருப்பூர் நிறுவனத்துக்கு உள்ளூர் வாசகரிடம் விற்க ஒன்றும் இல்லை. திருப்பூர் எங்களுக்குச் செய்தி கொடுத்தது, விளம்பரம் கொடுக்கவில்லை.

2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோதும், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பட்ட பாட்டை நாங்களே தலைப்புப் போட்டு எழுதினோம். ரொக்கத்தில் வாங்கி விற்ற சிறு வியாபாரிதான் எங்கள் வரி விளம்பரத்தின் ஆதாரம் என்பதால், அந்தச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தபோதே எங்கள் பக்கங்கள் மெலியத் தொடங்கின. 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி செய்தித்தாள் காகிதத்துக்கு 10 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில்தான் அது 5 சதவீதமாகக் குறைந்தது. இதில் எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை தெரியும். கரூர் மாவட்டம் புகளூரில், கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதமும் அச்சுக் காகிதமும் செய்வதற்காக 1979இல் மாநில அரசு தொடங்கிய ஆலை நிற்கிறது. அதன் புகைபோக்கியைத் தாண்டி வரும் ஊர்களின் செய்தி, கப்பலில் வந்த காகிதத்தில் அச்சாகும்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கடைகள் மூடின, கல்லூரிச் சேர்க்கை தள்ளிப்போனது, ஆடித் தள்ளுபடி இல்லை, பேப்பரில் கிருமி ஒட்டிவரும் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பேப்பர் போடுபவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். அதற்கு முன்பே மெலிந்திருந்த பதிப்பால் அந்த ஊரடங்கு மாதங்களைத் தாங்க முடியவில்லை.

ஆனால் ஆட்குறைப்பு அந்த மாதங்களில் தொடங்கியதல்ல. அதன் அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வரிசையில் வந்தன. இப்போது எந்தப் பதிப்பில் அந்த வரிசையைப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிகிறது. முதலில் ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படாது. பிறகு நிருபர்களின் பெட்ரோல் படி குறையும். அதன்பின் தனித்தனியாக இருந்த ஈரோடு, திருப்பூர், நீலகிரிப் பக்கங்கள் ஒரே பக்கமாகும். கடைசியில், பக்கம் கட்டும் வேலை சென்னைக்குப் போகும். அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் சூட்டுவார்கள். டெஸ்க் இல்லாத பதிப்புக்கு உதவி ஆசிரியர் தேவையில்லை என்பது அந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது; கடிதம் வருவதற்குச் சில மாதங்கள் ஆகலாம், அவ்வளவுதான். பக்கம் கட்டும் வேலை வெளியூருக்குப் போகும் நாளிலேயே வேறு வேலை தேடத் தொடங்குவது நல்லது.

அந்த மாற்றத்தில் வாசகர் இழந்தது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பவானிசாகர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், "பவானியில் தண்ணீர் திறப்பு" என்று தலைப்பிடுவது வெளியூர் டெஸ்க்குக்குப் போதுமானது. கோபியிலோ பெருந்துறையிலோ இருக்கும் விவசாயிக்கு அந்தத் தலைப்பால் எந்தப் பயனும் இல்லை. தண்ணீர் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கா, காலிங்கராயனுக்கா, கீழ்பவானிக்கா என்பது முதல் கேள்வி. கீழ்பவானி என்றால், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரில் எந்தப் பாதிக்கு, ஒற்றைப்படை மதகுகளுக்கா இரட்டைப்படை மதகுகளுக்கா, நெல்லுக்கான நனைப்பா கடலைக்கான நனைப்பா என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்காமல் பக்கத்தை விடாத ஒரு மூத்த உதவி ஆசிரியர் எங்களிடம் இருந்தார். மஞ்சள் விலையில் விரலியின் விலையும் கிழங்கின் விலையும் இடம் மாறியிருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒன்று, கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று என்று பிரிக்காமல் வந்திருந்தால், இரவு பதினொரு மணிக்கும் நிருபரை எழுப்பிவிடுவார். அவர் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. சம்பளம் அதிகம் வாங்குபவர்களை வைத்தே அந்தப் பட்டியல் தயாரானது.

இனி, கடிதம் தரும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். அதை யாரும் ஆட்குறைப்பு என்று அழைக்கவில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்தார். மேசையில் எங்கள் பெயரிட்டு முன்பே தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம் இருந்தது. காரணம் "சொந்தக் காரணங்கள்". அன்றே கையெழுத்திட்டால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாக வரும், மறுத்தால் தென் மாவட்டத்தில் ஒரு பதிப்புக்கு மாற்றல், அங்கே போய்ச் சேராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எனக்கு முன்பு உள்ளே போய்வந்த சகா ஒருவர், "போட்டுட்டு வந்துட்டனுங்கண்ணா, வேற என்னங்க பண்றது" என்றார். நான் கையெழுத்திடவில்லை. "வீட்ல பேசிட்டுச் சொல்றனுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தைரியத்தால் செய்த காரியம் அல்ல அது. முந்தைய இரவு, ஓய்வு பெற்ற ஒரு பஞ்சாலைத் தொழிற்சங்கக்காரர் தொலைபேசியில், "தம்பி, அந்த ரூம்புல எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, மறுநாள் போட்டாலும் பேனா எழுதும்" என்று சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதன் பொருளைச் சட்டம் படித்தபின்தான் முழுமையாக உணர்ந்தேன். அப்போது நடைமுறையில் இருந்தது 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம். அதன்படி, ஆட்குறைப்புச் செய்வதானால் ஆசிரியருக்கு 6 மாதமும் மற்றப் பத்திரிகையாளர்களுக்கு 3 மாதமும் முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். பணிக்கொடை இவற்றிலிருந்து வேறானது. மற்றத் தொழில்களில் 5 ஆண்டு பணி கேட்கும் பணிக்கொடைக்கு, ஆட்குறைப்பில் போகும் பத்திரிகையாளர் 3 ஆண்டு முடித்திருந்தால் போதும். ஒரே பிரிவில் ஆட்களைக் குறைக்கும்போது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவதே பொது விதி, அதை மீறினால் காரணம் எழுத்தில் வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா" என்ற ஒற்றை வரி, இவற்றுள் முன்னறிவிப்பையும் இழப்பீட்டையும் ஒரேயடியாகத் துடைத்துவிடுகிறது. பத்தாண்டு தாண்டியவருக்கு அந்த இரண்டு மாதச் சம்பளம், சட்டப்படி வர வேண்டியதில் ஒரு சிறு பகுதிதான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய பத்திரிகையாளர் சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. பத்திரிகையாளருக்கு 3 ஆண்டில் பணிக்கொடை என்ற ஏற்பாடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. பணிநீக்கத்தை எதிர்த்து நேரடியாக முறையிடும் காலக்கெடு 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகச் சுருங்கியிருக்கிறது. இன்று இந்த நிலையில் இருப்பவர், தன் வேலை போன தேதியை வைத்து எந்தச் சட்டம் தனக்குப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கோவையிலும் சேலத்திலும் தொழிலாளர் நீதிமன்றங்கள் இருப்பதால் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

அறையை விட்டு வந்த அன்று மாலையே, உள்ளே பேசப்பட்டதை நான் மின்னஞ்சலாக எழுதி அந்த அதிகாரிக்கே அனுப்பினேன். குற்றச்சாட்டோ கோபமோ இல்லாமல், இன்ன நேரத்தில் அழைக்கப்பட்டேன், இன்ன கடிதம் காட்டப்பட்டது, இன்ன மாற்றலைக் குறிப்பிட்டீர்கள், எழுத்து மூலமான உத்தரவுக்காகக் காத்திருக்கிறேன் என்று நான்கு வரி. நகலை அலுவலக முகவரியில் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் அலுவலகம் அந்தக் கணக்கை எந்த நேரமும் முடக்கலாம்; என் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொண்டேன். பின்னால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்பு "அவர்தான் போகிறேன் என்றார்" என்று நிர்வாகத் தரப்பில் சொன்னபோது, எனக்காகப் பேசியது அந்த நான்கு வரிதான்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் வியக்கவைக்கும் முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் உத்தரவின் நகல் கையில் வராமல் செய்தி எழுத மறுக்கும் நிருபரிடம், அவருடைய சொந்த நியமனக் கடிதத்தைக் கேட்டால் இருக்காது. சிலருக்கு அது தரப்படவே இல்லை, சிலர் வீடு மாறியபோது தொலைத்துவிட்டார்கள். ஊரின் ஆவணங்களையெல்லாம் தோண்டும் எங்களில் பலர், எங்கள் வேலைக்கான ஆவணம் எதையும் வைத்திருக்கவில்லை. நியமனக் கடிதம் இல்லையென்றால் சம்பளச் சீட்டு, அதுவும் இல்லையென்றால் வங்கிக் கணக்கில் வந்த சம்பள வரவு, வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக், ஷிப்ட் அட்டவணையின் படம், பணி உத்தரவாக வந்த குறுஞ்செய்திகள், பெயருடன் வந்த செய்திகளின் நறுக்குகள் ஆகிய எல்லாமே சான்றுதான். மாநில அரசின் பத்திரிகையாளர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தாலும் பணிக்காலத்தை நிரூபித்தாக வேண்டும். அப்போது நீங்கள் வேலை பார்த்த இதழ் உயிரோடு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அவிநாசி சாலையில் நவஇந்தியா என்று கேட்டு இறங்குபவர்களில், அது அங்கே இயங்கிய ஒரு நாளிதழின் பெயர் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

பதவிப் பெயரையும் கவனிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சட்டம் பிழை திருத்துநரைக்கூட உழைக்கும் பத்திரிகையாளர் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. ஆனால் முதன்மையாக நிர்வாக வேலை பார்ப்பவரை விலக்கியிருந்தது. எனவே ஊதிய உயர்வு இல்லாமல் "மேலாளர்" என்ற சொல்லை மட்டும் யாராவது உங்கள் பதவியோடு ஒட்டினால் மகிழ வேண்டாம். அதேபோல, ஒரு கட்டத்தில் எங்களில் இளையவர்களை வேறொரு துணை நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள். பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை வரையறுத்து 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை செல்லும் என்று 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தும் என்று 2017 ஜூனில் மீண்டும் தெளிவாக்கியது. தீர்ப்பைப் பற்றிய செய்தியை நாங்கள் பக்கத்தில் வைத்தோமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நிருபர் அட்டை மட்டும் வைத்திருந்த தாலுகாப் பகுதி நேர நிருபர்களின் நிலை வேறு. தாராபுரத்திலோ அந்தியூரிலோ இருக்கும் அவர், சிறு தொகையும் விளம்பரக் கமிஷனும் வாங்கிக்கொண்டு, பல நேரம் அதே ஊரின் ஏஜென்ட்டாகவும் இருந்து, பண்ணாரி குண்டம் முதல் குருநாதசாமி கோயில் மாட்டுச்சந்தை வரை எல்லாவற்றையும் அனுப்பியவர். அவரை யாரும் அறைக்கு அழைக்கவில்லை, கடிதமும் காட்டவில்லை. செய்தி அனுப்ப வேண்டாம் என்று ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. பகுதி நேரமாக இருந்தாலும் பத்திரிகைப் பணி முதன்மைத் தொழிலாக இருந்தால் அவரும் சட்டத்தின் வரையறைக்குள் வந்தார். ஆனால் ஏஜென்ட் கணக்கும் நிருபர் கணக்கும் ஒரே ரசீதில் கலந்திருந்ததால் அதை நிரூபிப்பது மிகக் கடினமானது. இப்போது அந்த வேலையில் இருப்பவர்கள் இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது அவசியம். விற்காத பிரதிகளுக்கான பாக்கியைக் காட்டி நிருபர் பணத்தை நிறுத்திய கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

என் விவகாரம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போனது. நிர்வாகம் பலமுறை வாய்தா வாங்கியது, பிறகு முன்னறிவிப்புச் சம்பளமும் இழப்பீடும் பணிக்கொடையும் தருவதாக ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த அலுவலகத்தின் வராந்தாவில் காத்திருந்தபோது அருகில் இருந்த ஆலைத் தொழிலாளர்கள், "உங்களுது பன்னெண்டு மூணுங்களா?" என்று கேட்டார்கள். சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படும் ஒப்பந்தத்துக்கு அப்போதிருந்த சட்டப் பிரிவு அது. 2020 ஊரடங்கில் மூடப்பட்ட தேசிய பஞ்சாலைக் கழக ஆலைகளின் ஆட்கள் உட்பட, சிங்காநல்லூர் பக்கத்துத் தொழிலாளிக்கு இந்தப் பிரிவுகள் மனப்பாடம். அவர்களுடைய போராட்டங்களை ஆண்டுக்கணக்கில் இரண்டு பத்தியாகச் சுருக்கிய நாங்கள் அவர்களிடம்தான் இதைக் கற்க வேண்டியிருந்தது. செய்தியாளர் சங்கத்தில் சேர்வது பெருமைக்குக் குறைவு என்று நினைக்கும் இளையவர்களுக்கு இதையே சொல்வேன்.

வருங்கால வைப்புநிதியில் எங்கள் ஆட்களுக்கு வரும் தொல்லை தனி ரகம். நம் பெயர்களில் முன்னெழுத்து ஒரு சிக்கல். ஆதாரில் தந்தை பெயர் விரிவாக, வைப்புநிதிக் கணக்கில் எழுத்து மட்டும் இருக்கும். இதோடு புனைபெயரில் எழுதியவருக்கு, அலுவலகத்தில் அந்தப் பெயரிலேயே கணக்கு தொடங்கியிருந்தால் தலைவலி இரட்டிப்பு. வேலையில் இருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளியேறியபின் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால் அங்கே உங்கள் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. பணி முடிந்த தேதியை அவர்கள் பதிவிடாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் நாமே பதிவிடலாம். பத்தாண்டு பங்களிப்பு நிறைந்திருந்தால் ஓய்வூதியப் பகுதியை நம்பி 58 வயது வரை இருக்கலாம். நிறையாதவர்கள் அதை அவசரமாக எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தால், அடுத்த வேலையில் ஆண்டுகள் சேரும்.

இன்னொன்று, அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது ஒப்புகை வாங்க வேண்டும். வண்டியிலிருந்து "பிரஸ்" ஸ்டிக்கரையும் எடுத்துவிட வேண்டும். இரண்டாவதற்குச் சிலர் ஓராண்டு எடுத்துக்கொண்டார்கள்.

பிழைப்புக்கு என்ன செய்தேன் என்று கேட்பவர்கள் உண்டு. யூடியூப் சேனல் தொடங்கிய நண்பர்களில் ஒருவருக்கு மட்டும் அது சோறு போடுகிறது. எனக்குக் கைகொடுத்தது டெஸ்க் வேலை: பிறர் எழுதியதைச் சுருக்குவது, பெயரும் தேதியும் சரிபார்ப்பது, குறித்த நேரத்தில் பக்கத்தை முடிப்பது. இந்த மூன்றும் ஒருங்கே தெரிந்தவர்கள் வெளியே மிகக் குறைவு என்பது நாளிதழுக்குள் இருக்கும்வரை தெரிவதில்லை. பாடநூல் துணைநூல்கள், தொழில் அமைப்புகளின் மாத இதழ்கள், கல்லூரி மலர்கள் என்று வேலை வந்தது. கொங்குப் பகுதிக்கே உரிய ஒரு சந்தையும் இருக்கிறது: குலதெய்வக் கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கோயில், அதற்குத் திருப்பணிக் கமிட்டி, கமிட்டிக்கு ஒரு மலர், மலருக்குள் குல வரலாறு, நன்கொடையாளர் பட்டியல், நூற்றுக்கணக்கான படங்கள். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஏற்படும் கலவரத்தை அறிந்தவர்கள் நல்ல பிழை திருத்துநருக்குத் தயங்காமல் பணம் தருவார்கள்.

இந்த வேலைகளில் விலையை முதலிலேயே எழுத்தில் பேசி, பாதியை முன்பணமாக வாங்குகிறேன். பக்கக் கணக்கில் விலை சொல்வதே நல்லது. "மொத்தமாப் பாத்துக்கலாமுங்க" என்று ஆரம்பித்தால் திருத்தம் ஐந்தாவது முறை வரும்போது சண்டையில் முடியும். நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தந்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பல நண்பர்கள் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கும்பாபிஷேக மலரில் மட்டும், மீதிப் பணத்தை அச்சுக்குப் போகும் முன்பே வாங்கிவிடுகிறேன். விழா முடிந்த மறுநாள் கமிட்டி கலைந்துவிடும், பொருளாளர் தன் மண்டிக்கோ மில்லுக்கோ திரும்பிவிடுவார். அதன்பின் பாக்கி கேட்கப் போனால் காப்பி கொடுத்து உபசரித்து, அடுத்த மாதம் வரச் சொல்வார்.